வாசகர் கேள்வி – பதில்: பாதிப் படத்தை யாரிடம் காட்டுவது?

கேள்வி: இணையவழியில் ஓவிய டிப்ளோமா படிக்கிறேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர். படம் போட்டால் இதயக்குறி வரும், வேறொன்றும் வராது. ஆறு மாதமாகியும் ஒருவரோடும் பழக்கமில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா? – வாசகி, நிலாவெளி

பதில்: படிப்பை நிறுத்த வேண்டாம். அந்தக் குழுவை நம்பியிருப்பதை நிறுத்துங்கள். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் குறை சொல்லி யாரும் பொல்லாப்புத் தேட மாட்டார்கள். நேரில் படிப்பவர்களுக்கும் பாராட்டு ஒன்றும் கொட்டுவதில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரி ஒரே கையை மூன்றாம் தடவையும் அழித்து வரைவது அவர்கள் கண்ணில் படும். உங்களுக்குக் கிடைக்காதது அதுதான். ஆகவே பாதி வேலையைக் காட்ட ஒரு சிறு வட்டம் தேவை.

நாலு பேர் போதும். ஆறைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். யாருடைய வேலை பிடிக்கிறதோ அவருக்குத் தனியே எழுதிக் கேளுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இணையத்தில் கூடுங்கள், ஆளுக்கு 15 நிமிடம். பார்ப்பவர்கள் முதலில் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லட்டும். அடுத்து, வரைந்தவர் கேள்வி கேட்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாயிருக்கு" என்றுதான் வரும். "கூடையிலுள்ள மீனைவிடப் பின்சுவர் முன்னுக்கு வருகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பிறகு மற்றவர்கள் தங்கள் சந்தேகங்களைக் கேட்கலாம். அபிப்பிராயம் கடைசியில், அதுவும் வரைந்தவர் சம்மதித்தால் மட்டும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990இல் வகுத்த முறை இது, ஓவியத்துக்கும் பொருந்தும்.

பாதிச் சண்டை மோசமான போட்டோவால் வருவது. டியூப் லைட்டின் கீழ் எடுத்தால் நிறம் மாறும், பளபளப்பும் விழும். பகலில், நேர் வெயில் விழாத யன்னலருகே படத்தை வைத்து, பிளாஷை அணைத்து, போனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தால் நிறம் பிசகியிருப்பது உடனே தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுண்கோடுகள் கலங்கும். 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள்.

திரையோடு மட்டும் நிற்கவும் கூடாது. திருகோணமலையில் படம் வரையும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள், ஓவியம் படிப்பவராக இருக்க வேண்டியதில்லை. டச்பே கடற்கரையில் மாலையில் சந்தித்து 2 நிமிடத்தில் ஒன்று, 5 நிமிடத்தில் ஒன்று, 20 நிமிடத்தில் ஒன்று வரையுங்கள். முடிந்ததும் கொப்பிகளை நிலத்தில் வரிசையாக விரித்து வையுங்கள். ஒரே வள்ளத்தை மூன்று பேர் மூன்று விதமாகக் கண்டிருப்பது தெரியும். அங்குள்ள பிரெட்ரிக் கோட்டையில் திரியும் மான்களும் நல்ல பயிற்சிதான், ஓரிடத்தில் நிற்காததால் கை வேகம் பிடிக்கும். ஆனால் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. முகாம், காவலரண் பக்கம் கொப்பியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் கூடிப் படம் காட்டும் எங்கள் நால்வரில் ஒருவர் சென்னை, ஒருவர் லண்டன். நேரம் ஒத்துவருவதில்லை. – வாசகர், மூதூர்

பதில்: சென்னைக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. சனி இரவு 7 மணி என்று வைத்தால் அங்கே பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் அடுத்த சந்திப்பில்தான் ஆள் தவறுவது வழக்கம். முதல் நாளே நினைவூட்டுங்கள்.