பின்கழுத்தும் புறங்கையும் ஏன் கருகுகின்றன?

கேள்வி: வேலை நிமித்தம் தினமும் பைக்கில் 50 கிலோமீட்டர் சுற்றுகிறேன். காலையில் சன்ஸ்கிரீன் போட்டும் புறங்கையும் பின்கழுத்தும் சிவந்து எரிகின்றன. என்ன செய்வது, டாக்டர்?
- வாசகர், வேலூர்

பதில்: காலையில் ஒருமுறை பூசியது மதியம் வரை தாங்காது. எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாக்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் எண்) 30க்குக் குறையாததாக, வியர்வையில் எளிதில் கரையாத வகையாக வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பட்டாணியளவு பூசினால் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது புறங்கை வானத்தைப் பார்த்தே இருக்கிறது. கையை நீட்டியதும் சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் வெளியே தெரியும். கிரீமைவிட அந்த இடைவெளியை மூடும் நீளமான கையுறைதான் நம்பகமானது. ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவே கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டுங்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் புற ஊதாக் கதிரும் ஊடுருவும். நனைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தி இன்னும் மோசம்.

காற்று முகத்தில் அடிப்பதால் தோல் வேகுவது அப்போது தெரியாது, சாயங்காலம்தான் எரியும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம், எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.