கத்தி முத்திரையில் ஒற்றை ஆளா, இரட்டை ஆளா?

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சாமான் பரப்பும்போது எவர்சில்வர், பித்தளையோடு நல்ல கத்தி செட் ஒன்றும் வைக்க ஆசை. ஆன்லைனில் ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்று போட்டு, மரக்கட்டையோடு 15 உருப்படி செட் 75 சதவீதத் தள்ளுபடியில் 1,999 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோ, “செட்டெல்லாம் வேண்டாம், ஸ்விலிங் கத்தி ஒன்று வாங்கி வருகிறேன்” என்கிறான். எதை வாங்குவது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி, ஆச்சி. மீதிப் பாதி, அவர் கடையில் எந்தப் பெட்டியைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஸ்விலிங், ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் 1731-இல் பதிவான முத்திரை. கத்தியில் இரண்டு ஆள் உருவம் சேர்ந்து நிற்கும். அதே கம்பெனிக்கு ‘ஹென்கல்ஸ்’ என்று இன்னொரு வரிசையும் உண்டு. அதில் நிற்பது ஒற்றை ஆள். விலை குறைவு, ஸ்பெயின், சீனா போன்ற இடங்களில் செய்து வருவது. மோசமான சரக்கு இல்லை. ஆனால் ஒற்றை ஆளுக்கு இரட்டை ஆள் விலையைக் கொடுத்துவிடக் கூடாது. பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி அந்த ‘ஜெர்மன் ஸ்டீல்’. ஜெர்மன் கத்திகள் பலவற்றில் இருப்பது 1.4116 என்ற எண்ணுள்ள எஃகு. ஏறக்குறைய அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். இதே கலவையைச் சீனாவிலும் உருக்குகிறார்கள், அதுவும் ‘ஜெர்மன் ஸ்டீல்’ என்றே விற்பனைக்கு வருகிறது. ‘சோலிங்கன்’ என்ற பெயருக்கு மட்டும் ஜெர்மனியில் 1938 முதல் சட்டக் காவல் உண்டு. முக்கியமான வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் அப்பெயரைப் பொறிக்கலாம். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்பதெல்லாம் காதுக்கு இனிமை, அவ்வளவே.

எஃகின் பெயரைவிட முக்கியம், அதை எப்படிச் சுட்டுப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்பது. அதற்கு ராக்வெல் என்ற கடினத்தன்மை எண்ணைப் பாருங்கள். சுவிட்சர்லாந்துக் கம்பெனி விக்டோரினாக்ஸின் சமையல் கத்திகள் 56 அளவில் இருக்கும். ஜெர்மன் கம்பெனி வுஸ்தோஃபின் ‘கிளாசிக்’ வரிசை 58. விஜி-10 எஃகில் செய்த ஜப்பான் கத்திகள் 60, 61 வரை போகும். எண் கூடினால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் விளிம்பு சில்லுப் பெயரும். நம் வீட்டில் கிரானைட் மேடையிலேயே வெங்காயம் நறுக்குவோம், அதே கத்தியால் நாட்டுக்கோழி எலும்பிலும் ஒரு போடு போடுவோம். அங்கே மெல்லிய ஜப்பான் கத்தி ஒரு மாதம் தாங்காது. எஃகு வகையும் எண்ணும் எங்கேயும் சொல்லாத செட்டென்றால், சொல்லிக்கொள்ளும்படி ஏதும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

என் கணக்கு இது. 15 உருப்படியில் மகள் தினம் தொடப்போவது இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவை மரக்கட்டையில் தூசி படியும். 20 சென்டிமீட்டர் சமையல் கத்தி ஒன்று, விக்டோரினாக்ஸோ தம்பி கொண்டுவரும் இரட்டை ஆளோ, எதுவும் சரி. பூண்டு உரிக்கவும் பழம் நறுக்கவும் சின்னக் கத்தி ஒன்று. இதைப் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம். எலும்பு வெட்ட, தேங்காய் உடைக்க, கொல்லுப்பட்டறையில் சொல்லி ஒரு வெட்டுக்கத்தி. அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி நம் சிவகங்கை மாவட்டத்தில்தானே இருக்கிறது! லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி அந்த வேலைக்கு எந்தச் சீமைக் கத்திக்கும் இளைத்ததில்லை. துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

பரப்புவதற்கு இது கொஞ்சமாகத் தெரியலாம். கூடவே ஒரு நல்ல மரப்பலகையும் சாணைக்கல்லும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ‘ஷெஃபீல்டு’ என்று பொறித்த பழைய கத்தி ஒன்று பார்த்தேன். தந்தப் பிடி என்கிறார் கடைக்காரர். இங்கிலாந்துச் சரக்கு என்று நம்பி வாங்கலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பிடி உண்மையிலேயே தந்தம் என்றால் தொடவே தொடாதீர்கள். பழசோ புதுசோ, இந்தியாவில் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். பெரும்பாலும் அது எலும்பாகவோ செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காகவோ இருக்கும், அப்படியானால் தந்த விலை கேட்பதே தவறு.

முத்திரை விஷயம் இன்னும் வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் பெயருக்கு மதிப்பு அதிகம். சோலிங்கன்காரர்கள் தங்கள் மலிவுக் கத்திகளில் ‘ஷெஃபீல்டு’ என்று பொறித்து விற்றார்கள். அந்த மாதிரிப் போலிகளைத் தடுக்க பிரிட்டன் 1887-இல் சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் பெயர் தாங்கிய வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயரும் இருக்க வேண்டும் என்றது அது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொல் அதிலிருந்துதான் பரவியது. மலிவுச் சரக்கைக் காட்டிக்கொடுக்க வந்த அந்தச் சொல்லுக்குத்தான் இன்று கூடுதல் காசு கொடுக்கிறோம்.

இன்னொரு தடயம்: துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913-இல். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் கத்தி அதற்குப் பிந்தியது. “முப்பாட்டன் காலத்துச் சாமான்” என்று கடைக்காரர் சொன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள். அலகு தேய்ந்து ஒல்லியாகியிருந்தால் சமையலுக்கு உதவாது. அலமாரியில் வைக்க என்றால் உங்கள் பிரியம்.

கேள்வி: கடையில் வைத்தே கத்தியைச் சோதிக்க வழி உண்டா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஃபிரிட்ஜ் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒட்டவில்லையென்றால் அது கரண்டி செய்யும் மெத்து எஃகு, கூர் நிற்காது. ஒட்டினால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது, அடுத்த சோதனைக்குத் தகுதி, அவ்வளவே. கண்ணுக்கு நேரே பிடித்து அலகு வளைந்திருக்கிறதா பாருங்கள். பிடியும் அலகும் சேரும் இடத்தில் நகம் நுழைந்தால் அழுக்கும் நுழையும். பல அடுக்கு எஃகை அடித்துச் சேர்த்தால் அலகில் தெரியும் ‘டமாஸ்கஸ்’ அலை வரிகளுக்கு மயங்காதீர்கள். விலை குறைந்தவற்றில் அது மேலே பொறித்த கோலம்தான். புதுக் கத்தி காகிதத்தைக் கிழிப்பதும் சோதனை ஆகாது, எல்லாப் புதுக் கத்தியும் கிழிக்கும்.

வாங்கிய பிறகு சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். 58 ராக்வெல் கத்தியும் அந்த இடத்தில் தகரம்தான்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஜப்பான் கத்தி’ என்று வாங்கினேன். பெட்டியில் எந்த நாட்டில் செய்தது என்றே இல்லை. கேட்டால் பதிலும் இல்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: இறக்குமதிப் பொருளென்றால் தயாரான நாடு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். விற்பனைப் பக்கத்திலும் நாட்டின் பெயர் வேண்டும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டியது அவர் கடமை. நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.