காய்ச்சல் விட்ட பிறகு மகன் காலை ஊன்ற மறுக்கிறான், இது இளம்பிள்ளை வாதமா?

இல்லை. உங்கள் மாமியார் பயப்படுவது புரிகிறது. அவர் தலைமுறை அந்த நோயைத் தெருவுக்குத் தெரு பார்த்தது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் ஒரு குழந்தையைக் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில். அதோடு, வாதத்தில் கால் துவண்டுபோகும். உங்கள் 7 வயது மகனோ கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துகிறான், நுனிக்காலில் நடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள் ஃப்ளூ காய்ச்சல் தணிந்த மறுநாள் காலையில் தொடங்கியிருக்கிறது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஃப்ளூவை ஒட்டி வரும் தசை அழற்சிதான் இப்படி இருக்கும். பெரும்பாலும் மூன்று நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிப்பது, வைரஸ் தசையைத் தின்பதால் அல்ல. அதை எதிர்க்க உடல் சுரக்கும் ரசாயனங்களே வலி நரம்புகளை உசுப்பிவிடுகின்றன. உங்கள் மகனுக்கு அதற்கும் ஒரு படி மேலே போய், கெண்டைக்கால் தசையே புண்பட்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில், புண்பட்ட தசையிலிருந்து கசியும் சி.பி.கே. என்ற நொதியின் அளவு ஆயிரக்கணக்கில் வந்தாலும் பதற வேண்டாம், இறங்கிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: சிறுநீர் என்ன நிறம்? தசை அதிகம் சிதைந்தால் அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது சிறுநீர் பால் சேர்க்காத டிகாஷன் போல வரும். அரிதுதான். ஆனால் அப்படி வந்தால் நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உடனே டிரிப்ஸ் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். கழிவறையில் நிறம் சரியாகத் தெரியாது. வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மருந்தை இன்றே நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே இருக்கும் சுமை போதாதா? ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு. தைலம் போட்டு அழுத்தி நீவாதீர்கள்.

அப்புறம், இணையத்தில் படித்துவிட்டுத் தூங்காமல் இருக்கிறீர்களே, நரம்புகளைத் தாக்கிக் கால்களைத் தளரவைக்கும் அந்த கில்லன்-பாரே நோயில் முட்டியைத் தட்டினால் பொதுவாகக் கால் துள்ளாது. குழந்தை மருத்துவர் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். இன்றே காட்டுங்கள்.

குதிகாலை ஊன்றி வலியில்லாமல் நடக்கத் தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம். ஓடி விளையாட இன்னும் ஒரு வாரம் போகட்டும்.