இதயத்துக்கே ரத்தப் பஞ்சமா?

கேள்வி: இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம்தானே நிறைந்திருக்கிறது? அப்புறம் எப்படி அப்பாவிடம், "உங்கள் இதயத்துக்குப் போதுமான ரத்தம் போகவில்லை" என்று சொல்கிறார்கள்? மாடி ஏறினால் மட்டும் அவருக்கு நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது.

பதில்: படிக்கிற காலத்தில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஓய்வாக இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் இதயத்தின் அறைக்குள் இருக்கும் ரத்தம் சுவரின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய படலத்துக்குத்தான் பயன்படும், தடித்த தசைக்கு எட்டாது. அதனால் ரத்தத்தை வெளியே அனுப்பிவிட்டு, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி தொடங்கும் இடத்திலேயே பிரிகிற இரண்டு கரோனரி குழாய்கள் வழியாகத்தான் தன் பங்கை அது திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்தப் பங்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர், குழாயின் அகலமோ 3, 4 மில்லிமீட்டர்தான்.

இதில் இன்னொரு சிக்கல். இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது, ஆகவே இடது பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில்தான் போகிறது. மாடி ஏறினால் துடிப்பு கூடும், அந்த ஓய்வு குறையும், தேவையோ ஏறும். கை கால் தசைகள் என்றால் வருகிற ரத்தத்திலிருந்தே கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிச் சமாளிக்கும். இதயம் சும்மா இருக்கும்போதே முக்கால்வாசியை எடுத்துவிடுவதால் அதற்கு அந்தக் கையிருப்பு கிடையாது, ரத்தம் அதிகமாக வந்தே ஆகவேண்டும். குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருந்தால் எப்படி வரும்? அப்பாவுக்கு நெஞ்சை அழுத்துவது அதனால்தான்.

கேள்வி: எனக்கு 40 சதவீத அடைப்புதானாம். கவலையில்லை, அப்படித்தானே?

பதில்: அப்படிச் சொல்லமாட்டேன். மாரடைப்பு பெரும்பாலும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடி வருவதல்ல. கொழுப்புப் படிவத்தின் மேல்தோல் மெலிந்து ஒருநாள் வெடிக்கிறது, வெட்டுக்காயம் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது, சில நிமிடங்களில் வழி மொத்தமும் அடைபடுகிறது. சின்ன அடைப்பும் வெடிக்கலாம். டிரெட்மில் பரிசோதனையில் தேறியவருக்குச் சில வாரங்களில் மாரடைப்பு வருவது இப்படித்தான். புகையை விடுங்கள், கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அது அந்த மேல்தோலை உறுதிப்படுத்தும். ஓய்விலும் அடங்காத அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் வாயுத்தொல்லை என்று படுத்துவிடாதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே வண்டி ஓட்டவும் வேண்டாம். செத்த இதயத் தசை திரும்ப முளைக்காது.

கேள்வி: ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இனி மாத்திரை எதற்கு?

பதில்: ஸ்டென்ட் என்கிற அந்தக் கம்பிவலைக் குழாய் அகலமாக்கியது அடைப்பு இருந்த ஓரிடத்தை மட்டும். மற்ற இடங்களில் படிவம் அப்படியே இருக்கிறது, ஸ்டென்டின் கம்பிகள் மேலேயே ரத்தம் உறையவும் கூடும். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.