மலைநாட்டு வீட்டுக்கு எந்த சைக்கிள் ரிப்பேர் ஸ்டாண்ட் சரிவரும்?

“பண்டாரவளையில் இருக்கிறேன். டிஸ்க் பிரேக் போட்ட மவுண்டன் பைக். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓடுகிறேன். வீட்டிலேயே கழுவி, செயின் துடைத்து, கியர் சரிபார்க்க ஒரு ரிப்பேர் ஸ்டாண்ட் வேண்டும். இடம் என்று பார்த்தால் இஸ்தோப்பும் (வராந்தா), அதற்கு முன்னால் சரிவான ஒரு துண்டு முற்றமும்தான். எதை வாங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கால் உள்ள, சீட் கம்பியைப் பிடிக்கிற, இரும்புக் குழாயால் செய்த மடக்கு ஸ்டாண்ட் வாங்குங்கள். கடையில் அதன் நிறத்தையும் பெயரையும் பார்க்க முன்னால் காலையும், பைக்கைக் கவ்விப் பிடிக்கிற வாயான கிளாம்ப்பையும் பாருங்கள். கொழும்பில் ஓடு பதித்த சமதரையில் வைத்து வேலை செய்பவருக்கு எதுவும் சரிவரும். நமக்குத் தரைதான் முதல் பிரச்சினை.

நான் ஹட்டன் பக்கம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். அவரிடம் ஒரு லுமாலா சைக்கிள் இருந்தது. ரிப்பேர் என்றால் இஸ்தோப்புக் கூரை மரத்தில் இரண்டு தென்னங்கயிற்றைக் கட்டித் தொங்கவிடுவார். ஒரு கயிறு சீட்டின் மூக்கில், மற்றது ஹேண்டிலில். சைக்கிள் நெஞ்சு உயரத்தில் தொங்கும், சக்கரம் இரண்டும் தாராளமாகச் சுற்றும். செயினுக்கு எண்ணெய் விட, கம்பிகளைத் துடைக்க அது போதும். ஆனால் ஒரு நட்டை இறுக்கப் போனால் சைக்கிள் முழுவதும் ஊஞ்சலாடும். “புடிச்சுக்கடா” என்பார். நான் பின் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். விடியற்காலைப் பனியில் ரிம் ஐஸ் மாதிரி இருக்கும், விரல் மரத்துப்போகும். நல்ல ஸ்டாண்ட் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், அன்று என் இரண்டு கையும் செய்த வேலையைச் செய்வது என்றுதான் சொல்வேன். அதாவது, சைக்கிள் அசையக்கூடாது.

நானே ஸ்டாண்ட் வாங்கியது 2022இல். பெற்றோல் வரிசை நீண்டுபோய், கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிள்களை எல்லாம் சனங்கள் வெளியே எடுத்த காலம் அது. அக்கம்பக்கத்துச் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. கயிறு போதவில்லை. கிடைத்த விலைக்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன், இரண்டு நீண்ட கால் ‘வி’ மாதிரி விரிவது. எங்கள் முற்றம் சிமெந்துதான், ஆனால் மழைத் தண்ணீர் கானுக்கு ஓடுவதற்காகச் சரித்துப் பூசியது. ஒருநாள் என்னுடைய பைக்கை மாட்டி, துருப்பிடித்து இறுகிப்போன பெடலைக் கழற்ற ஸ்பானரைப் போட்டு உடம்பின் பாரத்தைக் கொடுத்து அமுக்கினேன். ஸ்டாண்ட் ஒரு சத்தமும் இல்லாமல் கான் பக்கம் சாய்ந்தது. பைக் வலது பக்கமாக விழுந்தது. பின் கியர் மாட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறதே, அது வளைந்துவிட்டது. பைக்குக்குப் பைக் அதன் வடிவம் மாறும். எனக்குப் பொருந்துகிற ஒன்று கொழும்பிலிருந்து வந்துசேர மூன்று கிழமை ஆனது. ஸ்டாண்டின் பிளாஸ்டிக் வாயும் அன்றைக்கே வெடித்தது.

அந்த விழுகையில் இரண்டு தவறு இருந்தது. ஒன்று ஸ்டாண்டுடையது, மற்றது என்னுடையது. என்னுடையதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது. பெடல் கழற்றுவது, பின் பல்சக்கரத் தொகுதியைத் திறப்பது மாதிரி முழுப் பலமும் தேவைப்படுகிற வேலைகளை ஸ்டாண்டில் செய்யக்கூடாது. பெடல் என்றால் பைக்கை நிலத்தில் நிறுத்திச் செய்யுங்கள். இரண்டு டயரும் தரையில் ஊன்றி நிற்கும்போது அந்தப் பலத்தைத் தரை வாங்கிக்கொள்ளும். இடது பெடலின் புரி எதிர்ப்பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பல்சக்கரம் என்றால் சக்கரத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

இனி ஸ்டாண்டின் தவறு, அதாவது கால். நாலு கால் மேசை சமமில்லாத தரையில் ஆடும், மூன்று கால் முக்காலி ஆடாது. மூன்று புள்ளி எந்தத் தரையிலும் உட்காரும். அதனால்தான் நம் முற்றத்துக்கு மூன்று கால் என்கிறேன். ஆனால் ஆடாமல் இருப்பது வேறு, சாயாமல் இருப்பது வேறு. கிளாம்ப் தண்டிலிருந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு இருப்பதால் பைக்கின் பாரம் எப்போதும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். ஆகவே மூன்று காலில் ஒன்று சரியாகக் கிளாம்ப்புக்கு அடியில் நீட்டி நிற்க வேண்டும். சரிவான தரையில் அந்தக் காலைப் பள்ளத்துப் பக்கம் வையுங்கள். மேட்டுப் பக்கத்துக் கால்மேல் ஒரு மணல் பையும் போடுங்கள். பழைய அரிசிப் பையில் பத்துக் கிலோ மணல், அவ்வளவுதான். இரண்டு கால் ஸ்டாண்டில் நல்லவையும் உண்டு, மடக்குவதும் தூக்குவதும் அதில் இலேசு. ஆனால் அதற்குச் சமதரை வேண்டும். உங்கள் இஸ்தோப்பு உண்மையிலேயே சமமாக இருந்து, மழை நாளில் உள்ளேயே வேலை செய்வதாக இருந்தால் அதையும் யோசிக்கலாம். ஒரு குவளையில் தண்ணீரை நிரப்பித் தரையில் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கிளாம்ப். உங்கள் பைக்கை எங்கே பிடிக்கப்போகிறீர்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். பலர் பிரேமின் மேல் குழாயைப் பிடிக்கிறார்கள், கைக்கு வசதியாக இருப்பதால். பழைய இரும்பு சைக்கிளில் பெயின்ட் உரிவதோடு போகும். இந்தக் காலத்து அலுமினியக் குழாய் நடுவில் மெல்லியதாக இருக்கும், கிளாம்ப்பை இறுக்கினால் குழிவிழும். கார்பன் பிரேம் என்றால் அங்கே பிடிக்கவே கூடாது. சீட் கம்பிதான் சரியான இடம். சீட் தாழ்வாக இருந்து பிடிக்க இடம் இல்லாவிட்டால், கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடியுங்கள். இழுக்க முன்னால் பழைய உயரத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், திரும்ப இறக்கும்போது தேட வேண்டியதில்லை. கம்பியில் ‘இதற்குமேல் இழுக்காதே’ என்று ஒரு கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியக்கூடாது. பட்டனை அமுக்கினால் இறங்கி ஏறுகிற சீட் கம்பி என்றால், வழுக்கி ஓடுகிற பளபளப்பான மேல் பகுதியில் கிளாம்ப் படக்கூடாது. அதே கம்பியின் அசையாத அடிப் பகுதியில் பிடியுங்கள்.

கிளாம்ப்பின் வாய் 25 மி.மீ. முதல் 40 மி.மீ. வரையாவது திறந்து மூட வேண்டும். மவுண்டன் பைக் சீட் கம்பிகளில் அதிகம் வருவது 27.2, 30.9, 31.6 மி.மீ. அளவுகள், எல்லாம் அதற்குள் அடங்கும். வாயின் உள்ளே ரப்பர் தடிப்பாக இருக்கிறதா, கிளாம்ப் தலையைச் சுற்றித் திருப்பினால் நீங்கள் விட்ட இடத்தில் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தலையில் பல் வைத்துப் பூட்டுவது நல்லது. வெறும் உராய்வில் நிற்பது கொஞ்ச நாளில் தளர்ந்து, பைக்கின் முன்பக்கம் மெதுவாகக் கீழே போகும். தாங்கும் பாரம் 25 கிலோவாவது இருக்க வேண்டும். உங்கள் பைக் பெரும்பாலும் 13, 15 கிலோதான் இருக்கும், ஆனால் நீங்கள் அதன்மேல் அமுக்குவீர்கள், திருப்புவீர்கள். மின்சார பைக் உள்ளவர்கள் பாட்டரியைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும், அவை 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும்.

“ஸ்டாண்டே வேண்டாம், தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் செய்யலாமே” என்று சிலர் சொல்வார்கள். பஞ்சர் பார்க்க அது போதும்தான். ஆனால் உங்கள் டிஸ்க் பிரேக் எண்ணெயில் இயங்குவதாக இருந்தால் கவிழ்ப்பதைப் பழக்கமாக்காதீர்கள். பிரேக் லீவருக்குள் இருக்கும் சின்ன எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால், கவிழ்க்கும்போது அது குழாய்க்குள் போகலாம். பிறகு லீவரை அமுக்கினால் பஞ்சை அமுக்குவது போல இருக்கும். அப்படி ஆனால் பைக்கை நிமிர்த்தி வைத்துப் பல தடவை அமுக்கி, லீவர் பழையபடி இறுகிய பிறகுதான் ஏறுங்கள். இறுகாவிட்டால் காற்றை எடுக்காமல் ஓடவே வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குகிற பாதை உங்களுக்குத் தெரியும். அந்த வளைவுகளில் போய் பிரேக்கைச் சோதிக்க முடியாது.

டிஸ்க் பற்றி இன்னொன்று. செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது பின் டிஸ்க்கை ஒரு சிலிசிலிப் பையால் (பொலித்தீன் பை) மூடிக் கட்டுங்கள். ஒரு துளி எண்ணெய் டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் கட்டை அதை உறிஞ்சிவிடும், பிறகு கீச்சென்று சத்தம் போடுமே தவிரப் பிடிக்காது. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம், லீவர் என்றால் அமுக்காமல் போகமாட்டார்கள்.

பின் அச்சை இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டிப் பின் சக்கரத்தை மட்டும் தூக்குகிற குட்டி ஸ்டாண்டும் உண்டு. விலை குறைவு, இடமும் குறைவு. செயின் துடைக்க, கியர் சரிபார்க்க அது போதும், ஏனென்றால் கியர் வேலைக்குத் தேவை ஒன்றுதான்: பெடலைக் கையால் சுற்றும்போது பின் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். குறை என்னவென்றால் குந்திக்கொண்டே வேலை செய்ய வேண்டும், முன் சக்கரத்துக்கு உதவாது, கழுவும்போது சேறு உங்கள் காலில்தான் விழும். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். பழைய பெரிய சைக்கிள்களில் பின்னாலேயே ஒரு இரட்டைக் கால் ஸ்டாண்ட் வருமே, அதைப் போட்டால் பின் சக்கரம் தானாகவே தூக்கி நிற்கும். அந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தக் குட்டி ஸ்டாண்டுக்குக் காசு செலவழிக்கவே தேவையில்லை.

முன் சக்கரத்தைக் கழற்றி, அடியில் பெடல் தண்டு சுழலும் பெட்டியையும் முன் அச்சையும் தாங்குகிற நீள ஸ்டாண்ட் பந்தய அணிகள் பாவிப்பது. உறுதியானது, ஆனால் வீட்டுக்கு அது அதிகம்.

வாங்க இப்போது வசதிப்படாவிட்டால் செய்துகொள்ளலாம். எனக்கு இப்போது இருப்பது நானே செய்ததுதான், வாங்கியதைவிட இதை எனக்குப் பிடிக்கும். பழைய வான் வண்டியின் ரிம் ஒன்று, அதன் நடுவில் ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தி ரிம் நிறையக் கொங்கிரீட். மேலே ஒரு முழங்கைத் துண்டு போட்டு ஓர் அடி நீளக் கிடைக் குழாய். வெல்டிங் கடைக்காரருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. கிளாம்ப்புக்கு நான் சவுக்கு மரத்தில் இரண்டு கட்டை எடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சேரும் கோட்டின் மேலேயே 34 மி.மீ. துளை போட்டால் ஒவ்வொரு கட்டையிலும் பாதி வட்டம் வரும். அந்தப் பாதி வட்டத்துக்குள் பழைய டியூப் ரப்பரை ஒட்டி, ஒரு பக்கம் கதவுப் பிணைச்சல், மறுபக்கம் வண்ணத்துப்பூச்சி நட்டுப் போட்ட போல்ட். இரண்டு விரலால் இறுக்கலாம், சீட் கம்பியில் ஒரு கீறல் விழாது. ஒரே குறை, தூக்கிக்கொண்டு திரிய முடியாது. ரிம்மைச் சாய்த்து உருட்ட வேண்டும்.

இப்படிச் செய்வதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இன்று உலகம் முழுவதும் சைக்கிள் கடைகளில் நீலக் கைப்பிடிக் கருவிகளால் தெரிகிற பார்க் டூல் கம்பனியே, அமெரிக்காவின் மினசோட்டாவில் சைக்கிள் கடை நடத்திய இருவர் குனிந்து குனிந்து வேலை செய்ய முடியாமல் 1963இல் தங்களுக்காக ஒரு ஸ்டாண்ட் செய்ததில் ஆரம்பித்ததுதான். அவர்களும் கையில் கிடைத்த லொறி உதிரிப்பாகத்தையும் கொங்கிரீட்டையும் வைத்தே செய்தார்கள்.

நம் பக்கத்து ஈரத்துக்கு ஒரு வார்த்தை. இரும்புக் கால் குழாய்க்குள் கழுவுகிற தண்ணீர் இறங்கித் தங்கும், வெளியே பெயின்ட் நன்றாக இருக்க உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஸ்டாண்டை மடக்கித் தலைகீழாகச் சாத்திவையுங்கள். மாதம் ஒருமுறை மூட்டுகளிலும் போல்ட்டுகளிலும் கொஞ்சம் கிரீஸ். ஆனால் கிளாம்ப் ரப்பரில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ படவிடாதீர்கள், வழுக்கும்.

கடைக்குப் போக முன்னால் ஒரு நூலை எடுத்து உங்கள் சீட் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை ரூலரில் அளந்து பாருங்கள். 85 மி.மீ. என்றால் உங்களுடையது 27.2, 97 என்றால் 30.9, 99 என்றால் 31.6. கம்பி வட்டமாக இல்லாமல் தட்டையாக இருந்தால் மேலே சொன்ன கிளாம்ப் சரிவராது. அப்படியானால் கீழே எழுதுங்கள், அதற்கு வேறு மாதிரிக் கட்டை செய்ய வேண்டும், எப்படி என்று படம் வரைந்து போடுகிறேன்.