ஒரே வருடத்தில் டிஎம்எல்டியா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. லேப் டெக்னீஷியன் ஆக ஆசைப்படுகிறாள். எங்கள் ஊர் பாராமெடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே வருடத்தில் டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) முடிக்கலாம், அரசு வேலைக்கும் செல்லும் என்று ஒருவர் சொல்கிறார். கட்டணம் 65,000 ரூபாய். இந்த வாரமே 10,000 கட்டினால் சீட் உறுதியாம். சேர்க்கலாமா?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் டிஎம்எல்டி இரண்டு வருடப் படிப்பு. பட்டம் வேண்டுமென்றால் பி.எஸ்சி. எம்எல்டி இருக்கிறது: மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி. இரண்டுக்கும் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும்.

இதைச் சொன்னதும் அந்த ஆள், "அரசாங்கமே ஒரு வருடப் படிப்பு நடத்துகிறதே" என்பார். அது உண்மைதான். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் உள்ள நிறுவனங்களில் ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு உண்டு. கிரேடு மூன்று லேப் டெக்னீஷியன் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பதும் அதைத்தான். ஆனால் அதன் பெயர் டிப்ளமோ அல்ல, சான்றிதழ். அதில் சேர, மருத்துவப் படிப்புகளுக்கு மாணவர்களைச் சேர்க்கும் அரசுத் தேர்வுக் குழு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தரகரிடம் முன்பணம் கட்டிச் சேர முடியாது. அரசு நடத்தும் படிப்பைக் காட்டித் தன் படிப்பை விற்கிறார், அவ்வளவுதான்.

அடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்கள். ஐஎஸ்ஓ சான்றிதழ், சங்கப் பதிவு, டெல்லி முகவரியோடு ஒரு 'கவுன்சில்'. சங்கப் பதிவு எங்கள் தெரு கிரிக்கெட் கிளப்பிடமும் இருக்கிறது. டிப்ளமோ தர அதெல்லாம் செல்லாது. இந்தப் படிப்பை நடத்தத் தமிழக அரசு கொடுத்த ஆணையின் நகலைக் கேளுங்கள். தந்தால், மருத்துவக் கல்வி இயக்ககத்தில் நீங்களே விசாரியுங்கள். அவர் தரும் போன் நம்பரில் வேண்டாம். லேப் டெக்னீஷியன் போன்ற பாராமெடிக்கல் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பெயர்ப்பலகை மாட்டி சீட் விற்பது மட்டும் நின்றபாடில்லை.

அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் விலகினால் முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். இப்போதைக்கு ஜெராக்ஸ் போதும்.

எந்தக் கல்லூரியானாலும், பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாக, ரத்தம் எடுக்க விடுகிறார்களா என்று விசாரியுங்கள். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்டுக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் இருக்க, பொட்டாசியம் கலந்த ஈடிடிஏ உப்பு இருக்கும். அந்த ரத்தத்தைக் கொஞ்சம் பொட்டாசியம் பார்க்கும் குழாயில் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், இல்லாத நோய்க்கு டாக்டர் மருந்து எழுதுவார். இதெல்லாம் நோட்ஸ் படித்து வருவதில்லை, லேபில் நின்று பழக வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? தேர்வுக் குழுவின் அறிவிப்புக்குக் காத்திருந்து பட்டம், டிப்ளமோ, சான்றிதழ் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். எம்பிபிஎஸ் சேர்க்கைக் கூத்தெல்லாம் முடிந்து இந்தப் பிள்ளைகளின் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும். தரகர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். அதற்குள் சாதிச் சான்றிதழையும், குடும்பத்தில் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் தாலுகா அலுவலகத்திலேயே கடைசித் தேதி கடந்துவிடும்.