பேய்ப் படம் எடுக்கணும் என்கிற பையனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

"பிளஸ் டூ படிக்கிற பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேய்ப் படமும் வேற்றுக்கிரகப் படமும் பார்க்கிறான். இன்ஜினியரிங் வேண்டாம், இந்த மாதிரிப் படம்தான் எடுப்பேன் என்கிறான். ஜான் கார்பென்டர் என்று யாரோ ஒருத்தர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். யார் சார் அவர்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். தம்பிக்கு நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அவருடைய கதையில்தான் இருக்கிறது.

திகில் படங்களுக்குப் பேர்போன டைரக்டர், 1948இல் பிறந்த அமெரிக்கர். வளர்ந்தது கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீன் என்ற ஊரில். அப்பா அங்கே கல்லூரியில் இசைப் பேராசிரியர். கார்பென்டர் 1968இல் லாஸ் ஏஞ்சலஸ் போய், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். கடைசிப் பருவத்தில் படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்தார். இதை உங்கள் மகன் கட்டாயம் சொல்லிக் காட்டுவான். அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளியே வரும்போது அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். திரைக்கதையில் பங்கெடுத்து, எடிட்டிங்கும் இசையும் செய்த ஒரு மாணவர் குறும்படம் ஆஸ்கர் வாங்கியிருந்தது. 'டார்க் ஸ்டார்' என்ற விண்வெளிப் படத்தை வகுப்பு நண்பர் டான் ஓ'பானனோடு சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். காசு சேரச் சேர எடுத்து அது தியேட்டருக்கு வர 1974 ஆகிவிட்டது. மொத்தச் செலவு சுமார் 60,000 டாலர். வேற்றுக்கிரக ஜந்து செய்யக் காசில்லாமல், கடற்கரையில் குழந்தைகள் விளையாடுகிற காற்றடைத்த பந்துக்கு நகங்கள் ஒட்டி நடிக்க வைத்தார்கள். இதே ஓ'பானன்தான் பின்னாளில் 'ஏலியன்' படத்தின் திரைக்கதையை எழுதினார். சினிமாப் பள்ளியில் சேர்ந்தால் பாடத்தைவிடப் பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள் என்பதும் முக்கியம் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான்.

அவரை உலகத்துக்குக் காட்டியது 1978இல் வந்த 'ஹாலோவீன்', முகமூடி போட்ட ஒரு கொலைகாரனைப் பற்றிய திகில் படம். செலவு சுமார் 3 லட்சம் டாலர், வசூல் 7 கோடி டாலர் அளவுக்குப் போனது. உங்கள் மகன் இந்த இரண்டு எண்களை மட்டும்தான் மனதில் வைத்திருப்பான். நடுவில் நடந்ததை அவனுக்குச் சொல்லுங்கள். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், ஆனால் படம் பிடித்தது கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். அதனால் இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் அடித்துத் தெருவில் இறைத்து, ஷாட் முடிந்ததும் யூனிட் ஆட்களே பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி இறைத்தார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் வாங்கியது. இரண்டு டாலர்கூட ஆகவில்லை. ஒரு டிவி தொடரின் விண்கலத் தலைவர் முகம் அது. அதற்கு வெள்ளை அடித்து, தலைமுடியையும் கண் ஓட்டைகளையும் மாற்றினார்கள், அவ்வளவுதான். கஞ்சத்தனம் பண்ணாத ஒரே இடம் கேமராவும் அகலத்திரை லென்ஸும்.

எடிட் செய்த படத்தை இசை சேர்க்காமல் ஒரு பெரிய ஸ்டுடியோவின் பெண் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார்களாம். அந்த அம்மாள் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. இசையால் இதைக் காப்பாற்றியாக வேண்டும் என்று கார்பென்டரே உட்கார்ந்து இசை போட்டார். அந்தப் பியானோ இசை ஐந்து எண்ணிக்கையில் ஓடும். நம் ஊரில் 'கண்ட நடை' என்கிற ஐந்தைந்தாக எண்ணும் தாளத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். நாலு நாலாகவே கேட்டுப் பழகிய காதுக்கோ எங்கேயோ கால் இடறுவது போல இருக்கும். பயம் அங்கேதான் பிறக்கிறது. அந்தத் தாளத்தைச் சின்ன வயதில் பாங்கோ மேளத்தில் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா. வீட்டில் கற்றுக்கொண்ட ஒரு கைத்தொழில் முப்பது வயதில் வந்து நின்றது. எழுத்து, இயக்கம், இசை மூன்றுக்கும் சேர்த்து அவர் வாங்கிய சம்பளம் 10,000 டாலர், கூடவே லாபத்தில் ஒரு பங்கு. ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு இல்லாமல் இருந்தால், படம் ஓடிய ஓட்டத்தில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கிற பழக்கத்தை இப்போதே பையனுக்கு ஏற்படுத்துங்கள்.

அப்புறம் அடி விழுந்தது. 1982 ஜூனில் 'தி திங்' வந்தது. அண்டார்க்டிகாவில் மாட்டிக்கொண்ட பன்னிரண்டு பேர். அவர்களில் யார் மனிதன், யார் மனித உருவில் இருக்கும் ஜந்து என்று தெரியாது. செலவு 1.5 கோடி டாலர். இரண்டு வாரம் முன்னால்தான் அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டிய 'ஈ.டி.' வெளியாகி ஊரே உருகிக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் 'தி திங்'கைக் கிழித்துப் போட்டார்கள், வசூலும் இல்லை, கைக்கு வந்திருந்த அடுத்த படமும் போனது. இன்றைக்கு அதே படம் உலகின் மிகச் சிறந்த திகில் படங்களில் ஒன்று. தென் துருவ ஆய்வு நிலையத்தில் கடைசி விமானம் கிளம்பிய பிறகு குளிர்காலத்துக்குத் தங்குகிறவர்கள் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பு வர எத்தனையோ வருஷம் ஆனது. அதுவரை அவர் மற்றவர் கதைகளைப் படமாக்கினார், மறுபடி சின்ன பட்ஜெட்டுக்கு இறங்கினார், வேலையை விடவில்லை. 2015இல், அறுபது வயதுக்கு மேல், மகனோடு சேர்ந்து இசை ஆல்பம் வெளியிட்டார். அப்பா கற்றுக் கொடுத்த இசை அப்போதும் அவருக்குச் சோறு போட்டது.

சரி, இனி உங்கள் மகன். டைரக்டர் ஆகப் போகிறேன் என்கிறவனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தம்பி, அதுவரை எந்த வேலை செய்து சாப்பிடுவாய்? எடிட்டிங், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, விஷுவல் எஃபெக்ட்ஸ் - இவற்றில் ஒன்று கையில் இருந்தால் படம் இல்லாத வருஷங்களிலும் சம்பளம் வரும். பேய்ப் படத்துக்கு ஒலி தெரிந்தவன் பாதி டைரக்டர் என்பது என் கருத்து. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம் என்றால் சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இந்தத் துறைகளில் இளநிலைப் பட்டப் படிப்பு உண்டு, தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகளின் முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. அதனால் இன்ஜினியரிங்கா சினிமாவா என்று வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு பட்டம் முடித்துவிட்டும் அங்கே போகலாம். லட்சங்கள் வாங்கிக்கொண்டு ஆறே மாதத்தில் டைரக்டர் ஆக்குகிறேன் என்கிற இடங்களுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

பொதுத் தேர்வு முடிந்ததும் அவன் ஒரு வேலை செய்யட்டும். கையில் இருக்கிற போனிலேயே, வீட்டுக்குள்ளேயே, ஐந்து நிமிடப் படம். பேயைக் காட்டக் கூடாது, சத்தத்தால் மட்டும் பயமுறுத்த வேண்டும். ஒரு மாதம் கெடு. அவன் பாதியில் விட்டாலும் திட்டாதீர்கள். எந்த இடத்தில் விட்டான் என்று மட்டும் குறித்து வையுங்கள். படம் பிடித்துவிட்டு எடிட்டிங்கில் சலித்துப் போனானா, எழுதவே உட்காரவில்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து 'தி திங்' படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் பாருங்கள். வெள்ளைப் பனியில் ஒரு நாய் ஓடும், ஹெலிகாப்டரில் இருந்து அதைச் சுடுவார்கள். பிற்பகுதியில் மிகக் கோரமான காட்சிகள் உண்டு, அதை நீங்கள் பார்க்க வேண்டாம். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், அடுத்த தடவை சத்தத்தோடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். தரமணிக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி அதை வைத்துக்கொண்டு பேசலாம்.